ராணிக் காசில் குறைந்த முக்கால் கிராம்

மதிய இடைவேளையில் மட்டும்தான் எங்கள் ஆய்வகத்தின் தராசு சும்மா இருக்கும். அன்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கைப்பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளி ரூபாய். ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் பூங்கொடி வளையத்துக்குள் ஆங்கில எழுத்து. எங்கள் வீட்டில் அதற்கு ராணிக் காசு என்று பேர்.

தராசின் கண்ணாடிக் கதவைத் தள்ளி, இடுக்கியால் காசைத் தட்டில் வைத்து, கதவை மூடினேன். சிமென்ட் ஆலைக்கு வருகிற சுண்ணாம்புக்கல் மாவை நிறுக்கும் தராசு அது. பக்கத்தில் நின்று மூச்சு விட்டால்கூட எண் ஆடும். ஆடி ஆடி நின்றது: 10.8937.

அந்தக் காலத்து வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். முக்கால் கிராமுக்கு மேல் காணோம்.

நான் சிரித்தேன். தப்பு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டவளின் சிரிப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அத்தை கொடுத்தது

எனக்கு ஆலையில் வேலை கிடைத்து முதல் மாதம் முடிந்ததும் அத்தையைப் பார்க்க எறையூர் போயிருந்தேன். அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவர், அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். எங்கள் அப்பா கையெழுத்துப் போடுவார், அத்தை அதுவும் போட மாட்டார். ஆனால் நான் வாங்கிய மதிப்பெண்களை எல்லாம் அத்தை மனப்பாடமாகச் சொல்வார். வேதியியலில் எவ்வளவு, கணக்கில் எவ்வளவு என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிக்கொண்டே வருவார்.

அன்று அத்தை பெட்டியைத் திறந்து அந்த முடிச்சை என் கையில் வைத்தார். “நம்ம வூட்டு மூத்த பொண்ணுகிட்டதான் இது இருக்கணும். இத்தினி நாளு நான் வச்சிருந்தேன். இனிமே நீ வச்சுக்க பாப்பா” என்றார்.

எதற்காக மூத்த பெண்ணிடம் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

பெரம்பலூர் விடுதியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அப்போது எழுதாமல் விட்டது ஒன்று. சேர்ந்த முதல் வாரம் கணக்கு டீச்சர் கிராஃப் தாள் வாங்கி வரச் சொன்னார். நான் எழுந்து, அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் கொஞ்சம் சிரித்தார். அன்றிலிருந்து நான் எதையும் யாரிடமும் கேட்டதில்லை. அடுத்தவர் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பார்த்துத் தெரியாததைப் புத்தகத்தில் தேடினேன். கல்லூரியிலும் அப்படித்தான், ஆலையிலும் அப்படித்தான். அதை என் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

வீட்டில் இருந்தவர்களின் கையை மட்டும் நான் பார்க்கவில்லை. பள்ளி விடுமுறைக்கு வருவேன், சின்ன வெங்காயம் அறுவடையில் நிற்பேன், போய்விடுவேன். இடையில் எங்கள் சொந்தத்தில் ஏழெட்டுக் குழந்தைகள் பிறந்தன. ஒரு குழந்தையையும் மூன்று மாதத்துக்குள் நான் பார்த்ததில்லை.

தேய்ந்ததும் தேய்த்ததும்

காசைப் பற்றியும் யாரிடமும் கேட்காமல்தான் கற்றேன். போனில் வீடியோக்கள் இருந்தன. பழைய காசு சேகரிக்கிற ஒருவர் மேசை விளக்கடியில் காசைத் திருப்பித் திருப்பிக் காட்டிப் பேசுவார். முதல் பாடம், கழுவக் கூடாது. புளி, விபூதி, பற்பசை எதுவும் படக் கூடாது. இரண்டாவது பாடம், மேடான இடத்தைப் பார். கைமாறிக் கைமாறிப் புழங்கிய காசில் மேடான இடம்தான் முதலில் மழுங்கும். ராணியின் கன்னம், காதுக்கு மேலே சுருண்ட முடி, கழுத்து மாலையின் மணிகள். மணி மணியாகத் தெரிந்தால் ஒரு தரம், கோடாகத் தெரிந்தால் அதற்குக் கீழே. ராணியின் நிழல் மட்டும் தெரிந்தால் உருக்கத்தான் லாயக்கு.

இரண்டு வாரத்தில் எனக்கு அது பழகிவிட்டது. ஆலையில் என் வேலையும் ஏறக்குறைய இதேதான். அரியலூர்ச் சுரங்கத்திலிருந்து சில சமயம் கல்லோடு கல்லாக இறுகிய சிப்பி வரும். இது தண்ணீர் அரித்தது, இது யந்திரப் பல் பட்டது என்று நான் பார்த்த பார்வையில் சொல்வேன். சீனியர் சாரே ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

அந்தக் கண்ணோடு ராணிக் காசைப் பார்த்தேன். முடிச் சுருள் தெளிவாக இருந்தது. மாலையின் மணிகளை எண்ண முடிந்தது. நல்ல காசு. ஆனால் கன்னத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு. திருப்பினால் கீழ் ஓரத்தில் வருஷம் இருக்க வேண்டிய இடமே இல்லை. அங்கே காசு சரிவாகச் சீவியது போல இருந்தது. வருஷத்தோடு கொடியின் முடிச்சும் போயிருந்தது. ஆய்வகத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தச் சரிவு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள்.

புழங்கித் தேய்ந்த காசு இப்படித் தேயாது. இதை யாரோ தேய்த்திருக்கிறார்கள். தராசும் அதையே சொன்னது. அரம் என்று முடிவு செய்தேன்.

அரம் என்றதும் அத்தை மகன் ஞாபகத்துக்கு வந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பத்தாவதோடு நின்று, சேலத்தில் கொலுசுப் பட்டறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே வெள்ளியை அராவுகிற வேலைதான் அவருக்கு.

இரண்டு தகவல்கள்

என் தம்பிக்கு ரஞ்சன்குடிப் பக்கம் பெண் பார்த்து, குன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நிச்சயம் வைத்திருந்தோம். வாசலில் பந்தல், கொல்லையில் சமையல். பெண் வீட்டாரில் பெண்ணின் சித்தப்பா ஒருவர் கலகலப்பான மனிதர். அவருக்கும் ஒரு மகள் உண்டு. அந்தப் பெண்ணை அத்தை மகனுக்குக் கேட்கலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அத்தை அன்று பட்டுப்புடவையில் வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் பேசினேன் என்பதை இங்கே மறைக்க முடியாது.

சித்தப்பா ஏதோ பேச்சில், தன் வீட்டில் ஒரு ராஜா தலைக் காசு கிடக்கிறது, அதற்கெல்லாம் இப்போது மதிப்பு உண்டா என்று கேட்டார். நான் பதில் சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே போய்ப் பையிலிருந்து ராணிக் காசை எடுத்து வந்தேன். விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, கன்னம், முடி, மாலை என்று விளக்கினேன். சுற்றி இருபது பேர். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

சித்தப்பா காசை வாங்கித் திருப்பினார். “என்னம்மா இது, கீழ வெட்டுனாப்ல இருக்கு?”

“தேஞ்சது இல்லைங்க, தேச்சது. அரம் போட்டிருக்காங்க. எங்க லேபுல நிறுத்துப் பாத்தேன், முக்கா கிராமுக்கு மேல கொறையுது.”

“வூட்டுக் காசுல யாரு அரம் போடுவா?”

“இத்தனை நாளும் அத்தைகிட்டதான் இருந்துச்சு. அத்தான் சேலத்துல கொலுசுப் பட்டறையில வேலை பாத்தாரு” என்றேன்.

யாரையும் திருடன் என்று நான் சொல்லவில்லை. இரண்டு தகவல்களை அடுத்தடுத்து வைத்தேன். ஆய்வக அறிக்கையில் வைப்பது போல. நடுவில் இருக்கிற கோட்டைக் கேட்பவர்களே போட்டுக்கொண்டார்கள்.

சித்தப்பா காசை என்னிடம் தராமல் அத்தையிடம் நீட்டினார். அத்தை வாங்கி, அந்தச் சரிவின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நிறுத்த எடையைச் சொல்லி ஜெயித்திருப்பேன்.

“நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று காசை என் கையில் வைத்துவிட்டு எழுந்தார். இலை போடும்போது தேடினோம். அத்தை குன்னத்துக்குப் போகிற மினி பஸ்ஸில் ஏறிவிட்டதாகத் தம்பியின் நண்பன் ஒருவன் வந்து சொன்னான். தம்பியின் நிச்சயத்தில் அத்தை கை நனைக்கவில்லை.

சாயங்காலம் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். பந்தலில் நடந்தது அவளுக்குத் தெரியாது. நானும் முழுதாகச் சொல்லவில்லை. அத்தான் பேச்சை விட்டுவிட்டேன். ராணிக் காசில் எடை குறைகிறது என்றேன், அத்தைக்குக் கோபம் என்றேன்.

“கொறையாம என்ன பண்ணும்?” என்றாள் அம்மா, அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டே.

பழசானால் எல்லாம் குறையும் என்கிறாள், அவளுக்கு எங்கே எடையும் அளவும் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அங்கேயும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து, ரஞ்சன்குடிப் பேச்சு நின்றுபோனது. ஜாதகம் ஒத்து வரவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தம்பி கல்யாணத்துக்கு அத்தை வந்தார், தாலி கட்டியதும் அட்சதை போட்டார், போய்விட்டார். என் பக்கம் திரும்பவில்லை. அவருக்குத்தான் வீம்பு என்று என் தோழியிடம் சொன்னேன்.

கல்

அடுத்த வருஷம் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விட்டார்கள். நான் லீவு போட்டுப் போயிருந்தேன். குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது அம்மா அடுக்களையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புக் கல்லைக் கழுவி எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

“காச எடு” என்றாள்.

“எந்தக் காசு?”

“ராணிக் காசுடி. நீதானே அத்தை? நீதான் ஒரசணும்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா நான் விளையாடுவதாக நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் அப்பாவின் கூடப்பிறந்தவள் ராணிக் காசைக் கல்லில் உரசி, அந்த வெள்ளித் தண்ணீரை உரைமருந்தோடு குழைத்து நாக்கில் தடவுவாளாம். அதற்காகத்தான் மூத்த பெண்ணிடம் காசு இருப்பது. பெண்கள் உள்ளறையில் செய்கிற காரியம், ஆண்கள் அந்தப் பக்கம் வருவதில்லையாம். இப்போது நர்ஸம்மா ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று கண்டித்திருக்கிறார். “அதனால நாக்குல வேணாம். ரெண்டு ஒரசு ஒரசி நெத்தியில வச்சு வுடு” என்றாள்.

காசை எடுத்து, தண்ணீர் தெளித்த கல்லில் வைத்தேன். வழுக்கியது. மறுபடி வைத்தேன். காசின் விளிம்பு கல்லில் கீச்சென்று கத்தியது.

“அப்படி இல்ல. ராணி மூஞ்சி மேல பாக்கணும். கட்டவெரல அவ கன்னத்துல வையி. சாச்சுப் புடி.”

கட்டைவிரலைக் கன்னத்தில் வைத்தேன். அந்தப் பளபளப்பு என் விரல் அகலத்துக்கே இருந்தது. சாய்த்தேன். கீழ் ஓரத்துச் சரிவு கல்லின் பள்ளத்தில் போய் அப்படியே படிந்தது. ஒரு இழை இடைவெளி இல்லை. கதவு தன் நிலையில் போய் உட்காருவது போல.

முன்னும் பின்னும் இரண்டு முறை இழுத்தேன். கல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம் விழுந்தது. ஒரே திசையில் மெல்லிய கீறல்கள்.

கை நின்றுவிட்டது. அம்மா என் விரலைப் பிடித்து அந்தத் தண்ணீரில் தோய்த்துக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். நான் கேட்டேன். என் வாழ்க்கையில் வெகுகாலத்துக்குப் பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டேன். எத்தனை குழந்தைகளுக்கு உரசியது இது?

அம்மாவுக்கு எண்ணிக்கை தெரியவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள். “உனக்கு ஒரசுனதுல பாதி அவ மவனுக்கு ஒரசிருக்க மாட்டா. நீ எட்டு மாசத்துல பொறந்துட்ட. பொழைக்க மாட்டன்னாங்க. அத்தை தன் புள்ளைய மாமியாகிட்ட வுட்டுட்டு இங்கயே நாப்பது நாளு கெடந்தா. காலையும் சாயங்காலமும் ஒரசுவா. கை வலிக்குதா அண்ணின்னு கேட்டா, வலிச்சா வலிக்கட்டும்பா.”

வெள்ளி உயிரைக் காப்பாற்றும் என்று வேதியியல் படித்த நான் நம்பவில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு டாக்டர்தான் காப்பாற்றியிருப்பார். அதுவல்ல விஷயம். தராசு காட்டிய எண் சரி. கண் பார்த்த கீறலும் சரி. தேய்ந்ததல்ல, தேய்த்தது என்ற தீர்ப்பும் சரிதான். காணாமல்போனதில் எவ்வளவோ என் வாய்க்குள் போயிருந்தது. அதற்குத்தான் நான் அத்தை மகனைக் கைகாட்டினேன்.

எறையூர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கரும்பு அரவை நடக்கும் காலம். ஊர் முழுக்கப் பாகு வாசனை. அத்தை வாசலில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார். வா என்றார், அருவாமணையிலிருந்து எழவில்லை.

நான் பேச ஆரம்பிக்கும் முன் அத்தான் வந்துவிட்டார். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார் இப்போது. தண்ணீர் குடித்துவிட்டு, “ஆபீஸ் லீவா? சாப்ட்டுட்டுப் போ” என்று சொல்லி டிராக்டருக்குத் திரும்பினார். அவ்வளவுதான்.

காசை அத்தை கையில் கொடுத்தேன். அவர் ராணியைப் பார்க்கவில்லை. நேராகத் திருப்பி, கீழ்ச் சரிவை வெயிலுக்குக் காட்டினார். “புதுக் கை பட்டிருக்கு” என்றார். பழைய சரிவுக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு கோடு இருந்தது. முதலில் வழுக்கியபோது விழுந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழகிய நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

“நான்தான் அத்தை. தம்பி பொண்ணுக்கு.”

“கோணலா ஒரசிருக்க.”

அழுதேன். எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை என்றேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அத்தை வெங்காயத்தை அரிந்துகொண்டே கேட்டார். முடித்ததும் சொன்னார்: “என்னைச் சொன்னது போவுது. அவன் பேர நாலு பேரு முன்னால எடுத்த. இங்க வூட்டு வாசல்ல உக்காந்து அவன் இல்லன்னு சொல்லிட்டா ஆச்சா?”

அடுத்த வாரம் ரஞ்சன்குடிக்குப் போனேன். பெண்ணின் சித்தப்பா காபி கொடுத்தார். “அதெல்லாம் நாங்க மனசுல வச்சுக்கவே இல்லம்மா” என்றார். சுவரில் அவர் மகளின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. தையில் நடந்ததாம். மாப்பிள்ளை திருச்சியாம்.

அத்தான் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போகிற இடங்களில் சேலம் பட்டறைப் பேச்சு வருகிறது என்று அம்மா காதில் விழுந்திருக்கிறது. இருபது பேர் முன்னால் சொன்னது எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை.

என்னிடம் இருப்பது இந்தப் பக்கம். எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்பும் முன் எறையூர் போய் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயம் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். எட்டு மாதத்தில் பிறந்த இடம் வந்தபோது முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அத்தான் அத்தான்னு படிக்கிறியே, பேரு எங்க?”

“ஊருக்குத் தெரிய வேணாம்னுதான் போடல அத்தை.”

“தெரியணும்னுதானே எழுதுற? பேரப் போடு.”

அத்தானுக்குப் போன் செய்து கேட்டேன். டிராக்டர் சத்தத்துக்கு நடுவில் இரண்டு முறை கத்திக் கேட்க வேண்டியிருந்தது. போட்டுக்கொள் என்றார்.

அவர் பெயர் செல்வராசு. எறையூர். சேலத்தில் இரண்டு வருஷம் வெள்ளி அராவினார். எங்கள் ராணிக் காசை அவர் கையால் தொட்டதே இல்லை.